ஓஸ்கர் டானோன் யார்? பெல்கிரேட் ஓபரா பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தலவாக்கலை_குரல்

வணக்கம். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பழைய பங்களாவை ஒதுக்கிச் சுத்தம் செய்தபோது ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள் வெளியே வந்தன. தொரைமார் காலத்தில் வாங்கி வைத்தவையாக இருக்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்து அட்டையோடு ஒட்டிப் போய்விட்டன. மிச்சத்தை அங்கே வேலை செய்கிற மாமா கேட்டு வாங்கி எனக்குக் கொடுத்தார். அதில் ஒரு தடித்த பெட்டிதான் இப்போது என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. ரஷ்யாவின் போரொதின் எழுதிய ‘இளவரசர் இகோர்’ என்ற ஓபரா, அதாவது கதையைப் பாடியே நடிக்கிற மேடை நாடகம். டெக்கா கம்பெனி வெளியீடு, செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் தேசிய ஓபராவின் பாடகர்களும் இசைக்குழுவும், கையசைத்து அவர்களை நடத்துகிற நடத்துநர் ஓஸ்கர் டானோன்.

நான் பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாடகர் குழுவை நடத்துகிறேன். பியானோ படித்திருக்கிறேன், நான்கு குரல் பாட்டு சொல்லிக்கொடுக்கத் தெரியும், ஆனால் ஓபரா பக்கம் போனதே இல்லை. இந்தத் தட்டில் ஒரு பெரிய கூட்டம் பாடிக்கொண்டே ஆடுகிற பகுதி ஒன்று வருகிறது, அதைக் கேட்டதிலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை. அத்தனை பேரை, அதுவும் அந்த வேகத்தில், ஒரு ஆள் கையை வைத்து எப்படிப் பிடித்து நிறுத்துகிறார்?

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. இந்த டானோன் யார், செர்பியக்காரரா? ரஷ்ய ஓபராவைப் பதிவு செய்ய லண்டன் கம்பெனி ஒன்று ஏன் மொஸ்கோவுக்குப் போகாமல் பெல்கிரேடுக்குப் போனது? கச்சேரி நடத்துகிறவருக்கும் ஓபரா நடத்துகிறவருக்கும் வேலையில் என்ன வித்தியாசம்?

அப்புறம் இன்னொன்று. என் குழுவில் தரம் 10 படிக்கிற பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அம்மா கொழுந்து பறிக்கிறவர். எல்லோரும் தங்கள் குரலைப் பாடும்போது இவள் மட்டும் நான்கு குரலையும் மனப்பாடமாக வைத்திருப்பாள், யாராவது தப்பினால் எனக்கு முன்னாலேயே அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். இந்தத் தட்டைக் கேட்டுவிட்டு, “டீச்சர், இதை ஒரு வேலையாகச் செய்ய முடியுமா?” என்று கேட்டாள். அவளுக்கு உண்மையான பதில் ஒன்று சொல்ல வேண்டும்.


கண்டி_இசைத்தட்டு

தங்கச்சி, முதலில் அந்தப் பெட்டியை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். தட்டுகளைக் காய்ச்சி வடித்த நீரில், மெல்லிய துணியால், வரி போகிற போக்கிலேயே துடையுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம், வெயிலிலும் காய வைக்க வேண்டாம். படுக்க வைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். அட்டையில் உள்ள எண் எல்எக்ஸ்டி என்று ஆரம்பித்தால் அது மோனோ பதிப்பு, அதாவது ஸ்டீரியோ இல்லாத ஒற்றை ஒலித்தடம். மோனோ என்பதால் ஒன்றும் குறைவில்லை, குரல்கள் நெஞ்சுக்கு நேரே வந்து நிற்கும்.

இனி டானோன். பிறந்தது செர்பியாவில் இல்லை, 1913ல் பொஸ்னியாவின் சரயேவோவில், ஸ்பெயினிலிருந்து 1492ல் துரத்தப்பட்டு பால்கன் பக்கம் வந்து குடியேறிய செபார்டி யூத சமூகத்தில். ஆனால் அவர் வாழ்க்கையின் பெரும் வேலை முழுக்க பெல்கிரேடில்தான் நடந்தது, 2009ல் தனது 96ஆவது வயதில் இறந்ததும் அங்கேதான். யூகோஸ்லாவியா என்று ஒரே நாடாக இருந்த காலத்து மனிதர். செர்பிய ஓபராவின் வரலாற்றிலிருந்து அவரை எடுத்துவிட்டால் நடுவில் பெரிய பள்ளம் விழும், அதனால் செர்பிய நடத்துநர் என்று சொன்னாலும் தப்பில்லை என்பது என் கருத்து.

படிப்பு பிராக் நகரில். இசைக் கல்லூரியில் இயற்றுதலும் நடத்துதலும் படித்தார், சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தில் இசையியலில் 1938ல் டாக்டர் பட்டமும் எடுத்தார். ஊர் திரும்பி, ஓவியர்கள், கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து 1939ல் ‘கொலேகியும் ஆர்டிஸ்டிக்கும்’ என்ற கலைஞர் அமைப்பைத் தொடங்கினார். இரண்டு வருடத்தில் போர் வந்தது. சரயேவோவின் யூதர்களில் பெரும்பாலானோர் கொல்லப்பட்டார்கள். டானோன் 1941லேயே, ஆக்கிரமிப்பை எதிர்த்துச் சண்டை போட்ட டிட்டோவின் பார்ட்டிசான் போராளிகளோடு சேர்ந்துவிட்டார். அங்கே பாடகர் குழு அமைத்தார், அவர்கள் நடந்துகொண்டே பாடுவதற்குப் பாட்டு எழுதினார். நடத்துநர் என்றதும் நமக்கு வால் வைத்த கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கைக்குச்சியும்தான் கண்ணில் வரும், இந்த மனிதர் இளமையில் குழு நடத்திப் பழகியது காட்டில், வாத்தியமே இல்லாமல்.

பெல்கிரேடை 1941 ஏப்ரலில் ஜெர்மன் விமானங்கள் அடித்தன, 1944ல் நேசநாட்டு விமானங்களும் அடித்தன. அப்படிப்பட்ட நகரத்தில், போர் ஓய்கிற நேரத்தில், ஓபராவைத் திரும்ப எழுப்புகிற பொறுப்பு முப்பது வயது தாண்டிய டானோன் கையில் வந்தது. ஒன்றுமில்லாத இடம் என்று சொல்ல மாட்டேன். தேசியத் தியேட்டரில் ஓபரா 1920ல் முறையாக ஆரம்பித்திருந்தது, அதன் முதல் இயக்குநர் ஸ்தானிஸ்லாவ் பினிச்கி, அவரும் நடத்துநர்தான். செர்பிய மொழியில் மேடையேறிய முதல் ஓபராவை 1903ல் எழுதியவரும் அவரே. அவருக்குப் பின் வந்த ஸ்தெவான் ஹ்ரிஸ்திச் 1923ல் பெல்கிரேட் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைத் தொடங்கி வைத்தார். 1917 புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவை விட்டு ஓடிவந்த பாடகர்கள், நடனக்காரர்கள், மேடை ஓவியர்கள் பலர் பெல்கிரேடில் தங்கி அந்தத் தியேட்டரில்தான் வேலை செய்தார்கள். ரஷ்ய ஓபரா அவர்களுக்குக் கைக்கு வந்த பழக்கம் இங்கிருந்துதான்.

டெக்கா ஏன் அங்கே போனது என்ற கேள்விக்குப் பதிலும் இதில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி அரசியல். 1948ல் டிட்டோ ஸ்டாலினோடு முறித்துக்கொண்டார். அதன் பிறகு யூகோஸ்லாவியா மேற்குலகத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது. மொஸ்கோவில் போய் ஒரு லண்டன் கம்பெனி மைக் வைத்துப் பதிவு செய்வது அந்தக் காலத்தில் நடக்கிற காரியம் இல்லை. ஆனால் பெல்கிரேடில் ரஷ்ய ஓபராக்களை ரஷ்ய மொழியிலேயே பாடக்கூடிய முழுக் குழு ஒன்று, கோரஸ் என்கிற கூட்டுப் பாடகர்களோடு, இசைக்குழுவோடு, தயாராக இருந்தது. செர்பிய மொழியும் ஸ்லாவிய மொழிதான், அந்த உச்சரிப்பு அவர்கள் நாக்குக்குத் தூரம் இல்லை. 1955ல் டெக்கா அங்கே இறங்கி ஏழு ரஷ்ய ஓபராக்களை வரிசையாகப் பதிவு செய்தது. மூன்றை டானோன் நடத்தினார்: உங்கள் கையில் இருக்கிற ‘இளவரசர் இகோர்’, சைகோவ்ஸ்கியின் ‘யெவ்கேனி ஒனேகின்’, கிளிங்காவின் ‘ஜாருக்காக ஓர் உயிர்’. மற்ற நான்கையும் கிரேஷிமிர் பரானோவிச் நடத்தினார், அவர் அப்போது பெல்கிரேட் பில்ஹார்மோனிக்கின் தலைமை நடத்துநர்.

உங்கள் தட்டில் இகோராகப் பாடுகிறவர் டுஷான் போப்போவிச். இதே வரிசையில் மிரோஸ்லாவ் சங்காலோவிச் என்ற அடிக்குரல் பாடகர் ஒருவர் வருவார், எப்படியாவது தேடிக் கேளுங்கள். போர் முடிந்த பிறகுதான் அவர் மேடை ஏறினார், டெக்கா வந்தபோது முப்பதுகளில்தான் இருந்தார், அதற்குள் ‘போரிஸ் கொதுனோவ்’ ஓபராவில் ஜார் போரிஸ் வேடத்தைத் தட்டில் பாடுகிற அளவுக்கு வந்துவிட்டார். என்னைக் கேட்டால் டானோனின் பெரிய சாதனை அந்தத் தட்டுகளே இல்லை, அடிபட்ட நகரத்தில் பத்தே வருடத்தில் அப்படிப்பட்ட தட்டுகளைச் செய்யக்கூடிய ஒரு கூட்டத்தை வளர்த்து எடுத்ததுதான். கையில் குச்சியோடு நிற்பது அவர் வேலையில் சின்னப் பகுதி. எந்த இளைஞனுக்கு எந்த வேடம், எந்த வருடம் எந்த ஓபரா, எந்தக் குரல் இன்னும் இரண்டு வருடம் பொறுக்க வேண்டும், இதெல்லாம் தினமும் முடிவு செய்த மனிதர். 1962ல் எடின்பரோ விழாவுக்கு பெல்கிரேட் ஓபரா போனபோது புரோக்கோபியெவின் ‘சூதாடி’ பிரிட்டனில் முதல் தடவையாக மேடையேறியது. வேறு நாட்டுக்காரன் எழுதிய ஓபராவை மூன்றாவது நாட்டுக்குக் கொண்டுபோய் அறிமுகப்படுத்துகிற நிலைமைக்கு அந்தத் தியேட்டர் வந்திருந்தது.

அவர் தனியாகவும் வெளிநாடுகளில் நிறைய நடத்தினார். லண்டன் ரோயல் பில்ஹார்மோனிக்கோடு தட்டுகள் இருக்கின்றன, 60களில் வியன்னாவில் ஆர்சிஏ கம்பெனிக்காக யோகான் ஸ்ட்ராவுஸின் ஓபரெட்டா, அதாவது வேடிக்கையான இலகு ஓபரா, ஒன்றும் பதிவு செய்தார். வியன்னாக்காரர்களின் வீட்டுச் சொத்து மாதிரியான இசையை அவர்கள் ஊரிலேயே நடத்தக் கூப்பிட்டார்கள் என்றால் மதிப்பு என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.


பதுளையான்_ஜெர்மனி

கண்டி அண்ணா வரலாற்றைச் சொல்லிவிட்டார், நான் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே ஒரு சின்ன நகரத் தியேட்டரில் பெரிய ஓபராக்களுக்கு கூடுதல் கோரஸ் தேவைப்படும்போது நானும் பாடுகிறேன், பகலில் வேறு தொழில். அதனால் நடத்துநரை முன்னாலிருந்து பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது, சபையில் இருக்கிறவர்களுக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரியும்.

கச்சேரியில் எல்லோரும் ஒரே மேடையில், ஒரே வெளிச்சத்தில், தாளைப் பார்த்து வாசிக்கிறார்கள். ஓபராவில் இசைக்குழு மேடைக்குக் கீழே குழியில் இருக்கும், அவர்களுக்கு மேடையில் நடப்பது பெரும்பாலும் தெரியாது. மேடையில் இருக்கிறவர்கள் எல்லாவற்றையும் மனப்பாடமாகப் பாடுகிறார்கள், நடிக்கிறார்கள், படி ஏறுகிறார்கள், வாள் சுற்றுகிறார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரே பாலம் அந்த ஆள்தான்.

டீச்சர் கேட்ட கூட்டப்பாட்டு, இகோரின் இரண்டாவது அங்கத்தின் முடிவில் வருகிற போலோவெட்ஸ்கிய நடனங்களாகத்தான் இருக்க வேண்டும் (போலோவெட்ஸ்கியர் என்பது கதையில் இகோரைச் சிறைபிடித்த நாடோடிக் கூட்டம்). அதை மேடையில் செய்யும்போது என்ன நடக்கும் என்றால், நடுவில் ஆடுகிறவர்களுக்கு இடம் வேண்டும் என்பதால் கோரஸைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். குழியிலிருந்து 20 மீட்டர் பின்னால் நிற்கிறோம் என்று வையுங்கள். சத்தம் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் ஓடும், அப்படியானால் இசைக்குழுவின் தாளம் எங்கள் காதுக்கு வரவே வினாடியில் பதினேழில் ஒரு பங்கு ஆகிவிடும். அதைக் கேட்டு நாங்கள் பாடினால் எங்கள் குரல் சபைப் பக்கம் போய்ச் சேர அதே அளவு இன்னொரு தடவை. நிதானமான பாட்டில் இது தெரியாது, அந்த வேகத்தில் கூட்டமே இழுபட்டுப் போன மாதிரி கேட்கும். அதனால் முதல் ஒத்திகையிலேயே எங்களுக்குச் சொல்வது, காதை நம்பாதே, கையைப் பார். எங்கள் காதுக்கு நாங்கள் முந்திப் பாடுவது போலவே இருக்கும், சபைக்குச் சரியாகப் போய்ச் சேரும். அந்த அசௌகரியத்தோடு பாடப் பழக வேண்டும், கோரஸ்காரனுக்கு அது பெரிய பாடம். மேடைக்கு வெளியே நின்று பாடுகிறவர்களுக்கு இப்போது திரையில் நடத்துநரைக் காட்டுகிறார்கள், முன்பெல்லாம் துணை நடத்துநர் ஒருவர் காட்சித் திரையின் ஓட்டை வழியாகக் குழியைப் பார்த்து உள்ளே கையசைப்பாராம்.

தனிப் பாடகரோடு கதை நேர்மாறு. அங்கே நடத்துநர்தான் பின்னால் போக வேண்டும். நல்ல நடத்துநரின் கண் பாடகரின் விலா எலும்பில் இருக்கும். அவர் எவ்வளவு மூச்சு எடுத்தார் என்று பார்த்தாலே இன்று அந்த நீண்ட சுரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரிந்துவிடும், அதற்கேற்ற மாதிரி அறுபது பேரையும் ஒரு நொடி பிடித்து வைப்பார். சாயங்காலம் பாட வேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று மதியம் தகவல் வரும், வேறு ஊரிலிருந்து ரயிலில் ஒருவர் வந்து இறங்குவார், பியானோ பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான் ஒத்திகை. அன்றைக்குத்தான் நடத்துநரின் தரம் தெரியும்.

இந்த வேலையை எங்கே கற்கிறார்கள் என்றால், பியானோவில். இங்கே ‘கொரெபெட்டிட்டர்’ என்று ஒரு உத்தியோகம் இருக்கிறது. பாடகர்களுக்கு முழு இசைக்குழுவின் பங்கையும் பியானோவில் வாசித்து, வேடத்தைச் சொல்லிக்கொடுக்கிற ஆள். இளம் நடத்துநர்களில் பெரும்பாலோர் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். மாதக்கணக்கில் ஒரு சிறு அறையில், அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, பாடகர் தப்புகிற இடத்தைக் காதால் பிடித்து. அப்புறம் ஒரு நாள் மேடைக்கு வெளியே பாடுகிற கோரஸை நடத்த விடுவார்கள், அப்புறம் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி, அப்புறம் எப்போதாவது பெரியவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு முழு ஓபரா. டீச்சரின் மாணவி நான்கு குரலையும் மனதில் வைத்திருக்கிறாள் என்றால் இந்த வேலையின் வேர் அவளிடம் இருக்கிறது. கை ஆட்டுவதைப் பிறகு யாரும் கற்றுக்கொள்ளலாம்.


மஸ்கெலியா_தப்பு

நான் ஓபரா கேட்டதில்லை, ஆனால் மேலே பதுளை அண்ணன் எழுதியதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். தப்பை நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்கி, விடிய விடிய அடிப்போம். எங்களில் மூத்தவர் ஒருவர் முன்னால் நிற்பார், அவர் தப்பைப் பார்த்து அடிக்கவே மாட்டார், கண் முழுக்க ஆடுகிறவனின் காலில்தான். மன்மதன் வேடக்காரன் களைத்துப்போனால் அடியை ஒரு படி இறக்குவார், வீரபத்திரன் உள்ளே வருகிறதுக்கு முன்னாலேயே அடி மாறிவிடும், நாங்கள் அவர் தோளைப் பார்த்து மாறிவிடுவோம். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. டீச்சர், அந்தப் பிள்ளைக்கு நம் ஊரிலேயே இதைக் காட்டுங்கள். விலா எலும்பைப் பார்க்கிற கண் எங்கள் பெரியவருக்கும் இருக்கிறது.


பதுளையான்_ஜெர்மனி

தம்பி எழுதியது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஆடுகிறவனின் களைப்பைப் பார்த்து அடியை இறக்குவது அப்படியே ஓபராக் குழியில் நடக்கிற காரியம். ஒரே ஒரு இடத்தில் நான் வேறுபடுகிறேன். உங்கள் பெரியவர் கையில் தப்பு இருக்கிறது, அவர் மாற்றினால் சத்தமே மாறுகிறது, மற்றவர்கள் அதைக் கேட்டாவது வந்துவிடலாம். ஓபரா நடத்துநரிடம் சத்தம் எதுவும் இல்லை. அவர் எல்லாவற்றையும் நடப்பதற்கு ஒரு தாள அடி முன்னால் சொல்ல வேண்டும், சத்தம் வந்த பிறகு கை காட்டினால் காலம் கடந்துவிட்டது. அதனால்தான் தாளத்துக்கு முன் வருகிற அந்தச் சின்ன மேல்வீச்சைப் பற்றி அத்தனை பாடம் நடத்துகிறார்கள். அந்த ஒரு வீச்சில் வேகம், சத்தத்தின் அளவு, மென்மையா முரடா என்பது எல்லாம் இருக்க வேண்டும், கோரஸ் அந்த நேரத்தில்தான் மூச்சு எடுக்கும். நடத்துநர் தானும் மூச்சு எடுக்காமல் கையை மட்டும் தூக்கினால் எண்பது பேரும் எண்பது விதமாகத்தான் ஆரம்பிப்போம்.


பண்டாரவளை_பியானோ

நானும் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறவள், அதனால் அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். டானோனின் காலம் வேறு, நாடு வேறு. இன்றைக்கு ஒருவர் இந்தத் தொழிலில் எப்படி ஏறுகிறார் என்று பார்க்க வேண்டுமானால் பெல்கிரேடிலேயே பிறந்த அலெக்சாண்டர் மார்கோவிச்சைப் பாருங்கள். 1975ல் பிறந்தவர். வியன்னா இசைப் பல்கலைக்கழகத்தில் லியோபோல்ட் ஹாகரிடம் நடத்துதல் படித்தார். 2003ல் போலந்தின் கடோவிச்சே நகரில் நடக்கிற ஃபித்தெல்பெர்க் நடத்துநர் போட்டியில் முதல் பரிசு. அப்புறம் ஆஸ்திரியாவின் மலைப் பகுதியான டிரோலில், இன்ஸ்புரூக் நகர ஓபராவில் தலைமை நடத்துநர். அங்கிருந்து செக் நாட்டின் புர்னோ பில்ஹார்மோனிக்கில் 2009 முதல் 2015 வரை. 2016ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் இருக்கிற ஓபரா நோர்த்துக்கு இசை இயக்குநர், அடுத்த வருடமே அந்தப் பதவியிலிருந்து விலகினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஊர்களின் பெயர்கள்தான். இன்ஸ்புரூக், புர்னோ, லீட்ஸ், ஒன்றுகூடத் தலைநகரம் இல்லை. அந்தப் பக்கத்து நாடுகளில் நடுத்தர நகரத்துக்கும் சம்பளம் கொடுக்கிற இசைக்குழுவோ ஓபராவோ இருக்கிறது, அரசாங்கமும் நகரசபையும் காசு போடுகின்றன. அந்தப் படிக்கட்டு இருப்பதால்தான் ஒருவர் படிப்படியாக ஏற முடிகிறது. நம் நாட்டில் அந்தப் படிக்கட்டு இல்லை. கொழும்பில் 1958ல் தொடங்கிய இலங்கை சிம்பொனி இசைக்குழு இருக்கிறது, ஆர்வத்தோடு உழைக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் முழுநேர ஓபரா கிடையாது, மலையகத்திலிருந்து கொழும்புக்கு ஒரு ஒத்திகைக்குப் போய் வருவதென்றாலே ஒரு நாள் போய்விடும், பஸ் காசு யார் கொடுப்பார்கள்? திறமை இருந்தால் எல்லாம் நடக்கும் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லிச் சொல்லியே நிறையப் பேரை நடுவழியில் விட்டிருக்கிறோம்.

ஆனால் முடியாது என்றும் சொல்ல மாட்டேன். பியானோதான் முதல் வாசல். வீட்டில் இருக்காது, சரி, பாடசாலையிலோ கோவிலிலோ ஒரு கீபோர்ட் இருந்தால் தினமும் அரை மணி நேரம் அவளுக்கென்று ஒதுக்கிக் கொடுங்கள், சாவியை அவள் கேட்காமலே கொடுக்கிற ஒரு பெரியவர் வேண்டும், இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். லண்டன் நிறுவனங்கள் நடத்துகிற ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி இசைத் தேர்வுகள் இங்கேயே எழுதலாம், கட்டணம் தோட்டத்துக் குடும்பத்துக்குப் பெரிய தொகை, அதனால் ஒவ்வொரு தரமாக எழுதிக் காசைக் கரைக்காமல் இடையிடையே தாண்டி எழுத வையுங்கள். முழு இசைக்குழுவின் சுரத்தாள்களில் பதிப்புரிமை முடிந்தவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. போரொதின் 1887ல் இறந்தவர், அவர் முடிக்காமல் விட்ட இந்த ஓபராவை ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளசுனோவும் முடித்து 1890ல் மேடையேற்றினார்கள், அதனால் இகோரின் தாளும் கிடைக்கும். தட்டைப் போட்டுவிட்டு தாளில் விரல் வைத்துப் பின்தொடரச் சொல்லுங்கள். முதல் நாள் தொலைந்து போவாள், பரவாயில்லை, ஒரே ஒரு வாத்தியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போகட்டும், அடுத்த முறை இன்னொன்று.

ஏ.எல் முடித்த பிறகு வெளிநாடு என்றால், வியன்னா மாதிரியான அரசுப் பல்கலைக்கழகங்களில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் ஒரு பருவத்துக்கு 730 யூரோ அளவுதான், பிரிட்டனோடு ஒப்பிட்டால் எவ்வளவோ குறைவு. ஆனால் அங்கே தங்குகிற செலவு இருக்கிறது, மொழி இருக்கிறது, நுழைவுத் தேர்வு கடுமையாக இருக்கும், பியானோ வாசிக்க வேண்டும், காதால் கேட்டுச் சுரம் எழுத வேண்டும். அதற்கு ஆயத்தமாக ஐந்தாறு வருடம் வேண்டும். தரம் 10 என்பது பிந்திய வயது இல்லை, ஆனால் அடுத்த தவணைக்கு என்று தள்ளிப்போடுகிற வயதும் இல்லை. அம்மாவை ஒரு நாள் கோவிலுக்குக் கூப்பிட்டு மகள் என்ன செய்கிறாள் என்று நேரில் காட்டுங்கள். வீட்டில் ஒருவர் புரிந்துகொண்டால் பாதி பாரம் குறையும்.


தலவாக்கலை_குரல்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இப்படி விவரமாக யாராவது எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை. பண்டாரவளை அக்கா சொன்னபடி கீபோர்ட் சாவிக்கு ஃபாதரிடம் கேட்டுவிட்டேன், பாடசாலை விட்டதும் அவள் வரலாம் என்று சொல்லிவிட்டார். நடத்துநர் வேலை என்பது கையசைப்பது மட்டும்தான் என்று அவள் நினைத்திருந்தாள், பியானோ அறையிலிருந்து ஆரம்பிக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன், அதைக் கேட்டு அவளுக்கு உற்சாகம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. காமன் கூத்தை அவள் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள், மஸ்கெலியா அண்ணன் எழுதியதைக் கேட்டுவிட்டு, எங்கள் தோட்டத்து அண்ணன்மாரும் தோளைத்தான் பார்ப்பார்கள் என்றாள்.

இன்னும் ஒரு கேள்வி. எங்கள் குழுவில் அல்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல், பாடுகிறவர்கள் எப்போதும் ஒரு நொடி பிந்தி வருகிறார்கள், அவர்கள் பின் வரிசையில் நிற்கிறார்கள். பதுளை அண்ணன் சொன்ன தூரக் கணக்கு எங்கள் மாதிரிச் சின்ன இடத்துக்கும் பொருந்துமா? அதோடு, தட்டில் டானோனின் கையைப் பார்க்க முடியாது, காதால் கேட்டு அவர் என்ன செய்கிறார் என்று கண்டுபிடிக்க எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்?


பதுளையான்_ஜெர்மனி

சின்னக் கோவிலில் தூரம் காரணமாக இருக்காது டீச்சர், பின் வரிசைக்கு நான்கைந்து மீட்டர்தான் இருக்கும். அவர்கள் முன் வரிசையின் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரு வாரம் அல்டோவை முன்னால் கொண்டுவந்து, முதல் சொல்லுக்கு முன் எல்லோரும் சேர்ந்து சத்தமாக மூச்சு எடுக்க வைத்துப் பாருங்கள், மூச்சு ஒன்றாக வந்தால் சொல்லும் ஒன்றாக வரும். உங்கள் கை மேலே போகும்போது நீங்களும் வாயைத் திறந்து மூச்சு எடுங்கள்.

தட்டில் கேட்க வேண்டியது, நடனங்களின் ஆரம்பத்தில் பெண்கள் மெதுவாகப் பாடுகிற பகுதி முடிந்து ஆண்களின் முரட்டு ஆட்டம் வருகிற திருப்பம். இரண்டு வேகத்துக்கும் நடுவில் ஓட்டை விழாமல் எப்படிக் கடக்கிறார் என்று கவனியுங்கள். அப்புறம் கடைசிக்குப் போங்கள், கோரஸ் முழுவதும் உச்சத்தில் கத்துகிற இடத்திலும் மெய்யெழுத்துகள் ஒன்றாக விழுகின்றனவா என்று பாருங்கள். அது ஒலிப்பதிவு அறையில் ஒரே நாளில் வராது, அந்தக் கூட்டம் அந்த மனிதரோடு வருடக்கணக்கில் சேர்ந்து பாடியிருக்கிறது என்பதற்கு அடையாளம் அதுதான்.


கண்டி_இசைத்தட்டு

அதோடு இகோர் தனியாகப் பாடுகிற பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதே இரண்டாவது அங்கத்தில், நடனங்களுக்கு முன்னால் வரும். சிறைப்பட்ட மனிதன் தூக்கம் வராமல் பாடுவது. போப்போவிச் வரியை நீட்டுகிற இடங்களில் கீழே இசைக்குழு அவருக்காகக் காத்திருப்பது காதில் விழும். ஊசி தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டுப் போடுங்கள், பழைய ஊசி இந்தத் தட்டின் வரியைக் கீறிவிடும். கண்டிப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், என்னிடம் உபரியாக ஒன்று இருக்கிறது, தருகிறேன்.